4107: பட்டியலில் இல்லை

போன செவ்வாய்க்கிழமை எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள்.

ஆர்.கே.பேட்டை பக்கம் ஓர் அரசுப் பள்ளி. புதிதாக நாலு கம்ப்யூட்டர் வந்திருக்கிறது. 'வாராவாரம் கம்ப்யூட்டர் பற்றி எழுதுகிறாரே, அவர் நம்ம திருத்தணிக்காரர்தானே' என்று யாரோ சொல்லி, தலைமையாசிரியை போன் போட்டுக் கூப்பிட்டார். கூப்பிட்டால் போகாமல் இருப்பேனா? சென்னையில் யார் எனக்குப் பொன்னாடை போர்த்துகிறார்கள்? அலுவலகத்தில் ஏ.சி. குளிருக்கு ஒரு துண்டு கேட்டால்கூடக் கிடைக்காது.

பேசினேன். அரை மணி நேரம். கைதட்டல் வாங்குவதற்கென்று ஒரு வசனம் கைவசம் உண்டு. போகிற இடமெல்லாம் அதை எடுத்து விடுவேன்.

"கம்ப்யூட்டர் பொய் சொல்லாது பிள்ளைங்களா... பொய் சொல்றதெல்லாம் மனுஷன்தான்!"

தட்டினார்கள். பின் வரிசையில் ஒரு பையன் விசில்கூட அடித்தான்.

அப்புறம் சாப்பாடு. தலைமையாசிரியை அறையிலேயே இலை போட்டார்கள். சாதம், சாம்பார், முட்டை. பரிமாறியவர் அந்தப் பள்ளியின் சத்துணவு அமைப்பாளர். இருபத்தைந்து வயது இருக்கும். சாம்பார் ஊற்றிக்கொண்டே என் முகத்தைப் பார்த்தார். நகர்ந்தார். திரும்பி வந்து மறுபடி பார்த்தார்.

"அண்ணா... நீங்க பஸ் ஸ்டாண்டு பக்கம் பிரவுசிங் சென்டர் வெச்சிருந்தீங்க இல்ல?"

"ஆமா."

"என்னத் தெரியுதா? கோமதிண்ணா. அம்மையார்குப்பம். எங்க நைனாவும் நானும் ரிசல்ட் பாக்க வந்தமே... நாலாயிரத்து நூத்தி ஏழு."

எனக்குக் கை நின்றுவிட்டது.

அவர் தலைமையாசிரியை பக்கம் திரும்பி, சிரித்த முகத்தோடு சொன்னார்: "அண்ணா ரொம்ப நல்லவரு மேடம். டீச்சர் ட்ரெயினிங் லிஸ்ட்ல என் நம்பர் இல்ல. எங்க நைனா வுடாம கேட்டுகினே இருந்தாரு. அவ்ளோ கூட்டத்துலயும் அண்ணா மூணு தபா போட்டுப் பாத்தாரு மேடம். வேற ஒருத்தரா இருந்தா தொரத்தி வுட்டிருப்பாங்க."

தண்ணீர் குடித்தேன். இன்னும் கொஞ்சம் குடித்தேன். தோளில் பொன்னாடை வேறு இருக்கிறது... அதைக் கழற்றிப் பைக்குள் திணித்தேன். "வேர்க்குது" என்றேன்.

ஏன் வேர்த்தது என்று இப்போது சொல்லிவிடுகிறேன். ஆறேழு வருஷமாக என் மனைவிக்குக்கூடத் தெரியாத விஷயம். உங்களுக்கு என்ன, வாராவாரம் என் பெருமையைப் படித்தவர்கள்தானே. ஒரு வாரம் இதையும் படியுங்கள்.

அப்போது நான் திருத்தணியில் பிரவுசிங் சென்டர் நடத்திக்கொண்டிருந்தேன். நாலு கம்ப்யூட்டர், பலகைத் தடுப்பு, ஒரு ஸ்டாண்டு ஃபேன். கூடவே 'இங்கு வெப்சைட் செய்து தரப்படும்' என்று ஒரு போர்டு. அந்தப் போர்டைப் பார்த்து ஒரு வருஷம் யாரும் வரவில்லை. முதன்முதலாக வந்தவர் ஓர் அறக்கட்டளையின் செயலாளர்.

அந்த அறக்கட்டளை, எல்லைப்புறக் கிராமங்களில் பிளஸ் டூ முடித்த பெண்களுக்கு ஒரு பரீட்சை வைக்கும். அதில் முதல் பத்துப் பேரை எடுத்து, ஆசிரியர் பயிற்சி முழுக்கத் தன் பொறுப்பில் படிக்க வைக்கும். ஹாஸ்டல், புத்தகம், எல்லாம். பத்தே பேர். நெசவு வீட்டுப் பெண்ணுக்கு அது எப்பேர்ப்பட்ட கதவு என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

செயலாளருக்கு ஓர் ஆசை. இந்த வருஷம் ரிசல்ட்டை இன்டர்நெட்டில் போட வேண்டும். "லெட்டர் கிட்டர் எல்லாம் வேணாம்யா. எல்லாம் ஆன்லைன். நம்பரைத் தட்டினா சொல்லணும், இருக்கியா இல்லியான்னு. இருக்கறவங்க அஞ்சு நாளுக்குள்ள சர்ட்டிபிகேட்டோட வந்து சேரணும்."

"செஞ்சிடலாம் சார்" என்றேன். எனக்கு அப்போது தெரியாதது எதுவுமே கிடையாது. அந்த வயசு அப்படி!

ஒரு ஃபைல். அதில் தேர்வான பத்து நம்பரும் மார்க் வரிசைப்படி, நடுவில் கமா போட்டு, ஒரே நீளச் சரமாக. வந்தவர் தன் நம்பரைத் தட்டினால் புரோகிராம் அந்தச் சரத்துக்குள் தேடும். இருந்தால் 'வாழ்த்துகள்'. இல்லாவிட்டால் 'தங்கள் எண் பட்டியலில் இல்லை'. அவ்வளவுதான் வேலை. ஒரு மத்தியானத்தில் முடித்தேன்.

ஃபைலைத் தொடங்கும்போது, பழக்க தோஷம், பிள்ளையார் சுழி போட்டேன். நம் ஊரில் மளிகைச் சீட்டுக்கே சுழி போடாமல் 'துவரம் பருப்பு' என்று எழுத மாட்டோம். முருகன் மலைக்குக் கீழே குடியிருந்தாலும் முதல் மரியாதை அண்ணனுக்குத்தான். ஆனால் ஆங்கில கீபோர்டில் 'உ' எங்கே இருக்கிறது? பார்ப்பதற்கு அதே மாதிரி இருக்கிறதே என்று '2' தட்டினேன். நம்மில் பாதிப் பேர் அப்படித்தான் தட்டியிருக்கிறோம், இல்லை என்று சொல்லாதீர்கள். அதற்கு அடுத்த வரியில் நம்பர்கள்.

சோதித்துப் பார்த்தேன். கடைசி நம்பர், நடு நம்பர், முதல் நம்பர். சத்தியமாக, முதல் நம்பரையும் தட்டிப் பார்த்தேன். எல்லாவற்றுக்கும் 'வாழ்த்துகள்' வந்தது. காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன்.

ரிசல்ட்டுக்கு முதல் நாள் செயலாளர் வந்தார். திரையில் ஃபைலைக் காட்டினேன். கண்ணாடியை மூக்குக்கு இறக்கிப் பார்த்தார்.

"இன்னாய்யா இது, மேல ரெண்டுன்னு ஒரு நம்பர்? ரெண்டாம் நம்பர்ல யாரும் பரீட்சையே எழுதலியே."

"பிள்ளையார் சுழி சார்."

"சரிதான்! நாளைக்கி எவனாச்சும் 'ரெண்டு எம் பொண்ணு நம்பர்தான்'னு வந்து நின்னா? எடு அத."

நாலு இலக்கம் இல்லாவிட்டால் புரோகிராம் வாங்கவே வாங்காது, யாரும் வந்து நிற்க முடியாது என்றேன். அவர் கேட்கவில்லை. "எடுய்யா. பிள்ளையார மனசுல நெனச்சிக்கோ, போதும்."

கடுப்பாக இருந்தது. அதே கடுப்போடு பேக்ஸ்பேஸை இரண்டு தட்டு தட்டினேன். சுழி போயிற்று. ஃபைலை மூடினேன்.

மறுபடி சோதித்தேனா? இல்லை. சுழியைத்தானே எடுத்தோம், நம்பரிலா கை வைத்தோம்?

இங்கே கொஞ்சம் பொறுமை வேண்டும். புரோகிராம் தெரியாதவர்களும் இந்த நாலு பத்தியைத் தாண்டிப் போய்விடாதீர்கள். கதையே இதில்தான் இருக்கிறது.

ஒரு நீளமான சரத்துக்குள் ஒரு துண்டு இருக்கிறதா என்று கேட்க, நான் எழுதிய அந்த வெப் மொழியில் ஒரு கட்டளை உண்டு. அது 'இருக்கு' என்று நேராகச் சொல்லாது. எத்தனை எழுத்து தள்ளி இருக்கிறது என்று சொல்லும். பத்து எழுத்து தள்ளி இருந்தால் பத்து. இரண்டு தள்ளி இருந்தால் இரண்டு. எங்கேயுமே இல்லாவிட்டால்தான் 'இல்லை'. சரி... ஆரம்பத்திலேயே, முதல் எழுத்திலேயே இருந்தால்? எதையும் தள்ள வேண்டியதில்லை. ஆகவே பூஜ்யம்.

திருத்தணி பஸ் ஸ்டாண்டிலேயே நின்றுகொண்டு கண்டக்டரிடம், 'திருத்தணி எத்தினி ஸ்டாப் தள்ளி?' என்று கேட்டால் என்ன சொல்வார்? 'பூஜ்யம். நீ நின்னுகினு இருக்கியே, அதான்' என்பார். 'ஓகோ, பூஜ்யமா? அப்போ திருத்தணின்னு ஒரு ஊரே இல்ல போல' என்று நீங்கள் வீட்டுக்குப் போனால் அது யார் தப்பு?

நான் அப்படித்தான் போனேன். பதிலை 'இல்லை'யோடு ஒப்பிட நான் போட்டது இரண்டு சமக்குறி. இரண்டு போட்டால் அந்த மொழிக்குப் பூஜ்யமும் ஒன்றுதான், 'இல்லை'யும் ஒன்றுதான். மூன்று போட்டால்தான் பிரித்துப் பார்க்கும். இது அந்த மொழியின் புத்தகத்திலேயே எச்சரிக்கையாகப் போட்டிருக்கிறது. படிக்க எனக்கு நேரம் இல்லை... காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டிருந்தேனே.

சுழி இருந்தவரை முதல் நம்பர் சரத்தின் ஆரம்பத்தில் இல்லை. அதனால் என் தப்பு வெளியே தெரியவில்லை. சுழியை எடுத்ததும் முதல் நம்பர் பூஜ்யத்துக்கு வந்து உட்கார்ந்தது. 'பிள்ளையார் கோவம்' என்று நாலு பேர் சொல்லக்கூடும். அவர் பாவம், எதற்குக் கோபப்படப் போகிறார்? அதுவரை என் மானத்தை மறைத்து நின்றவரே அவர்தான். அதனால்தான் இந்த வாரப் பத்திக்கு மேலே சுழி போடவில்லை. தப்பு இருந்தால் தெரியட்டும்.

ஆக, பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு 'வாழ்த்துகள்'. எல்லாரையும் விட அதிக மார்க் வாங்கிய ஒரே ஒருத்திக்கு மட்டும் 'பட்டியலில் இல்லை'.

ரிசல்ட் அன்று என் சென்டரில் திருவிழாக் கூட்டம். வீட்டில் யாரிடம் கம்ப்யூட்டர் இருந்தது அப்போது? ஆர்.கே.பேட்டை டவுன் பஸ்ஸிலிருந்து இறங்கியவர்கள் அத்தனை பேரும் நேராக என் கடைக்குத்தான் வந்தார்கள். நானே உட்கார்ந்து, நம்பர் வாங்கி, தட்டி, உரக்கப் படித்துச் சொன்னேன். எனக்கு அது ஒரு தர்பார் மாதிரி இருந்தது.

கோமதியும் அவள் அப்பா முனிரத்தினமும் வந்தார்கள். அவர் வெள்ளைச் சட்டை போட்டு, நெற்றி நிறைய விபூதி பூசியிருந்தார். கையில் ஒரு பொட்டலம். கல்கண்டு. ரிசல்ட் வந்ததும் எனக்குத்தான் முதலில் கொடுப்பதாக இருந்தாராம்.

தட்டினேன். படித்தேன். "பட்டியலில் இல்லை."

"சார், இன்னொரு தபா பாருங்க."

தட்டினேன். இல்லை.

"சார், கோச்சிக்காதீங்க. இன்னும் ஒரே தபா."

மூன்றாம் முறையும் தட்டினேன். இந்த மூன்று முறைதான் பிற்பாடு அவள் மனசில் என்னை நல்லவனாக்கியது. தப்பான கேள்வியை மூன்று முறை கேட்டால் தப்பான பதில் மூன்று முறை வரும். இதில் என்ன நல்லது?

அப்போது அந்தப் பெண் மெதுவாகச் சொன்னாள்: "அண்ணா, பேப்பர் திருத்தின டீச்சர் ஒருத்தங்க எங்க ஸ்கூல் டீச்சர்கிட்ட சொன்னாங்களாம்... நான்தான் ஃபர்ஸ்ட்டுன்னு."

ஃபைல் அதே கம்ப்யூட்டரில்தான் இருந்தது. கண்ணால் பார்த்திருக்கலாம். திறந்தால் முதல் நம்பர். படிக்க ஒரு விநாடி. பள்ளிக்கூடமே போகாதவன்கூடக் கண்டுபிடித்திருப்பான்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? கூட்டத்தைப் பார்த்துச் சிரித்தேன்.

"இன்னிக்கி வந்த எல்லாருமே ஃபர்ஸ்ட்டுதாம்மா! லிஸ்ட்ல பேர் இல்லாத ஃபர்ஸ்ட்டு நீ ஒருத்திதான். கம்ப்யூட்டர் பொய் சொல்லாது."

கூட்டம் சிரித்தது. முனிரத்தினம் சிரிக்கவில்லை. பெண்ணைத் திரும்பி ஒரு பார்வை பார்த்தார். பொட்டலத்தைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு இறங்கிப் போனார். அவள் பின்னால் போனாள். நான், "நெக்ஸ்ட்டு!" என்றேன்.

இது வரைக்கும் முட்டாள்தனம். ஆனைக்கும் அடி சறுக்கும் என்று என்னையே சமாதானம் செய்துகொள்ளலாம்... ஆனை சறுக்கினால் ஆனைக்கு வலிக்கும். நான் சறுக்கினதில் வேறு ஒருத்தி விழுந்தாள், அதுதான் வித்தியாசம். போகட்டும், தெரியாமல் செய்தது.

தெரிந்து செய்தது இனிமேல்தான் வருகிறது.

நாலாம் நாள் மத்தியானம் செயலாளர் போன் செய்தார். "தம்பி, ஒம்பது பேரு வந்து சேந்துட்டாங்க. மொத நம்பர் பொண்ணு மட்டும் வரலியே, நாலாயிரத்து நூத்தி ஏழு. நாளைக்கி சாயங்காலம் வரைக்கும் பாப்பம். வரலன்னா பதினொண்ணாவது ஆளுக்குக் குடுத்துடுவோம். உன் சைட்டு சரியாத்தான வேலை செய்யுது?"

ரிசீவரைப் பிடித்தபடியே ஒரு கையால் நம்பரைத் தட்டினேன். 'பட்டியலில் இல்லை.' ஃபைலைத் திறந்தேன். முதல் நம்பர் 4107.

"பாத்துட்டுச் சொல்றேன் சார்" என்று வைத்தேன்.

பத்து நிமிஷத்தில் புரிந்துவிட்டது. இரண்டு சமக்குறிக்குப் பக்கத்தில் இன்னொன்று போட்டேன். மூன்று. தட்டினேன். 'வாழ்த்துகள்.'

செயலாளருக்குப் போன் செய்தேன். "செக் பண்ணிட்டேன் சார். சைட் சரியா வேலை செய்யுது."

அந்த விநாடியில் அது நிஜம். ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. இதைவிடக் கேவலமான உண்மையை நான் என் வாழ்நாளில் சொன்னதில்லை.

அம்மையார்குப்பத்துக்கு பஸ் உண்டு. ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். மறுநாள் சாயங்காலம் வரை டைம் இருந்தது. ஊரில் போய், 'முனிரத்தினம் வீடு எது, பொண்ணு டீச்சர் ட்ரெயினிங் எழுதிச்சே' என்றால் யாரும் கை காட்டுவார்கள்.

போகவில்லை.

ஏன்? அந்த வாரம்தான் இன்னும் இரண்டு பேர் வெப்சைட் கேட்டு வந்திருந்தார்கள். 'அவன் செஞ்ச சைட்டா? மொத மார்க் எடுத்த பொண்ணையே இல்லன்னு சொல்லிச்சே, அதுவா?' என்று ஊர் பேசும். போர்டைக் கழற்ற வேண்டியதுதான். அதனால் மனசுக்குள் ஒரு கணக்குப் போட்டேன். சைட்டைத்தான் சரி செய்தாகிவிட்டதே... அந்தப் பெண் இன்னொரு முறை எங்கேயாவது வந்து பார்க்க மாட்டாளா? பார்த்தால் 'வாழ்த்துகள்' வருமே?

மூன்று முறை பார்த்துவிட்டுக் கூட்டத்தின் நடுவில் அவமானப்பட்டுப் போனவள் நாலாம் முறை வருவாளா? எனக்கே தெரியும், வரமாட்டாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவன் முதலில் தன் கண்ணுக்குத்தான் மறைக்கிறான்.

பதினோராவது பெண்ணுக்கு இடம் கிடைத்தது. எனக்கு அந்த இரண்டு ஆர்டரும் கிடைத்தன. அப்படியே சென்னை, வேலை, இந்தப் பத்தி, பொன்னாடை.

சரி, போன செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன்.

சாப்பிட்டதாகப் பேர் பண்ணிவிட்டு எழுந்தேன். கோமதி கேட் வரைக்கும் வந்து வழியனுப்பினாள். "பசங்கெல்லாம் என்ன சத்துணவு டீச்சர்னுதாண்ணா கூப்புடறாங்க" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். பஸ் ஏறிவிட்டேன்.

ஏறி உட்கார்ந்தவனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். எனக்குக் குறுகுறுக்கவில்லை, எரிந்தது. திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டு போயிருப்பேன். 'ரொம்ப நல்லவரு' என்றாளே... அதை எங்கே கொண்டு போய் வைப்பது?

கே.ஜி.கண்டிகையில் இறங்கிவிட்டேன். டீக்கடையில் ஒரு டீ. அதைக் குடிக்காமல் பார்த்துக்கொண்டே நின்றேன். எதிர்ப்பக்கம் ஆர்.கே.பேட்டை பஸ் வந்தது. டீயை வைத்துவிட்டு ஓடி ஏறினேன். டீக்கடைக்காரர் என்னவோ சொல்லித் திட்டியது காதில் விழுந்தது. நியாயம்தான்.

பள்ளியில் கோமதி பொருள் அறையைப் பூட்டிக்கொண்டிருந்தாள்.

"இன்னாண்ணா, எதுனா வெச்சிட்டுப் போய்ட்டீங்களா?"

"ஆமாம்மா" என்றேன். நின்றபடியே சொன்னேன். சுழி, பூஜ்யம், சமக்குறி எல்லாம். வாய் வேகமாகப் பேசிற்று. எனக்கே தெரிந்தது, பூஜ்யத்தை விளக்குகிற சாக்கில் விஷயத்தைத் தள்ளிப் போட்டுக்கொண்டிருந்தேன்.

அவள் குறுக்கே கேட்டாள். "அண்ணா, அதெல்லாம் வுடுங்க. லிஸ்ட்ல நான் இருந்தனா, இல்லியா?"

"இருந்தம்மா. மொத நம்பரே உன்னுதுதான்."

சாவியைப் பூட்டிலிருந்து உருவினாள். உள்ளே ஏதோ வகுப்பில் பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"உங்களுக்கு எப்போ தெரியும்?"

பொய் சொல்ல எவ்வளவு இடம் இருந்தது பாருங்கள்! 'நேத்துதான் பழைய ஃபைலைப் பாத்தேன்' என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரைக்கும் வந்தது.

"கடைசித் தேதிக்கு மொத நாளே தெரியும்."

கோமதி என் முகத்தைப் பார்த்தாள்.

"அன்னிக்கி பஸ்ஸு இல்லியாண்ணா?"

"இருந்துச்சும்மா."

செருப்பால் அடித்திருந்தாலும் இப்படி இருந்திருக்காது.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அப்புறம் பேசினாள், என்னிடம் பேசுகிற மாதிரியே இல்லை. "ட்ரெயினிங் போனது போவட்டும். அது என் தலையெழுத்துன்னு எப்பவோ வுட்டுட்டேன். எங்க நைனா அன்னிக்கி காலைலயே தெருவெல்லாம் சொல்லிட்டாரு, எம் பொண்ணு ஃபர்ஸ்ட்டுன்னு. திரும்பி வந்தா தெருவே கேக்குது. 'நீ எடுக்கலன்னாகூடப் பரவால்ல, பொய் சொன்ன பாரு, அதான் தாங்கல'ன்னாரு. அடுத்த வருசம் பரீட்சைக்கி ஃபாரம் வாங்கியாந்தேன். அவரு கையெழுத்துப் போடல. இன்னிக்கி வரைக்கும் நான் எத சொன்னாலும், 'நெஜமாவா?'ன்னு ஒரு வார்த்த கேப்பாருண்ணா."

பையை எடுத்துத் தோளில் மாட்டினாள்.

"வாங்க. எங்கிட்ட சொன்னத அவருகிட்ட வந்து சொல்லுங்க."

அம்மையார்குப்பத்தில் பஸ் இறங்கினதுமே விசைத்தறிச் சத்தம் ஆரம்பித்துவிடும். தெருவுக்குள் போகப் போக, பக்கத்தில் நடக்கிறவர் பேசுவது காதில் விழாது. முனிரத்தினம் வீட்டு முன்கட்டில் இரண்டு தறி. அவர் ஒன்றின் பக்கத்தில் நின்று அறுந்த இழையை முடிந்துகொண்டிருந்தார். தலை பூராவும் நரைத்திருந்தது. என்னை அடையாளம் தெரியவில்லை.

"நைனாக்குக் காது அவ்ளோவா கேக்காது, தறிச் சத்தத்துலயே இருந்து" என்றாள் கோமதி. "சத்தமா சொல்லுங்க."

சொன்னேன். சத்தமாகச் சொல்லத்தான் பார்த்தேன். எனக்கே கேட்காத குரலில் வந்தது. "உங்க பொண்ணுதாங்க ஃபர்ஸ்ட்டு. நான்தான் தப்பா சொல்லிட்டேன்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். ஒரு தறியை நிறுத்தினார்.

"ஆங்? இன்னொரு தபா சொல்லுங்க."

இந்த முறை உரக்கச் சொன்னேன். "அன்னிக்கி லிஸ்ட்ல கோமதிதாங்க மொத நம்பரு. என் கம்ப்யூட்டர் தப்பு!"

பக்கத்து வீட்டுத் தறி நின்றது. எதிர்வீட்டில் ஒரு பெண்மணி வாசலுக்கு வந்தார். முனிரத்தினம் இரண்டாவது தறியையும் நிறுத்தினார். தலைத் துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார்.

"யாரு தப்பு?"

"என் தப்புங்க."

"சேத்து சொல்லுங்க. இன்னும் ஒரே தபா."

இப்போது வாசலில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். அன்றைக்கு என் கடையில் சிரித்த கூட்டத்தைவிடக் கம்மிதான். ஆனால் இவர்கள் யாரும் சிரிக்கவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டேன். மேடையில் கைதட்டல் வாங்குகிற குரல் உண்டே, அதை எடுத்துக் கத்தினேன்.

"கோமதி பொய் சொல்லலங்க! அவதான் ஃபர்ஸ்ட்டு! தப்பு பண்ணதும் நான், தெரிஞ்சி மறைச்சதும் நான்!"

முனிரத்தினம் என்னை உட்காரச் சொல்லவில்லை, தண்ணீர் வேண்டுமா என்று கேட்கவில்லை. எதிர்வீட்டுப் பெண்மணியைப் பார்த்து, "கேட்டுச்சா?" என்றார். அவர் தலையாட்டினார். அப்புறம் பெண்ணைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே நின்றார். திரும்பிப் போய்த் தறியை ஓட்ட ஆரம்பித்துவிட்டார்.

கோமதி பஸ் ஸ்டாப் வரை கூட வந்தாள். 'மன்னிச்சிட்டேன்' என்று சொல்வாளோ என்று ஓர் ஓரத்தில் எதிர்பார்த்தேன், வெட்கமில்லாமல். அவள் சொல்லவில்லை. பஸ் தூரத்தில் வந்தபோது ஒன்று மட்டும் சொன்னாள்.

"எங்க நைனாக்கு மொத தபாவே கேட்டுச்சுண்ணா."